ரெண்டு கோடு போட்ட குடங்கள்

சத்யபிரியாவின் வீட்டில் மனுசர்கள் நாலு பேர். குடங்கள் இருபத்திரண்டு.

வீடு பெரிய வீடு இல்லை. ஒரு அறை, அதற்குப் பின்னால் சமைக்க ஒரு சாய்ப்பு. அறையின் இரண்டு சுவர்களை ஒட்டிக் குடங்கள் வரிசையாக நிற்கும். அவை நின்றது போக மிச்சம் இருக்கும் இடத்தில்தான் மனுசர்கள் உட்கார வேண்டும், படுக்க வேண்டும். சத்யாவின் தம்பி முத்துராஜ் தூக்கத்தில் காலை நீட்டுகிறவன். அடிக்கடி ஒரு குடம் கவிழும். எல்லார் பாயும் நனையும்.

"ஏலே, காலை மடக்கிப் படுடா," என்பாள் சத்யா.

"காலுக்குக் கண்ணா இருக்கு?" என்பான் அவன்.

எல்லாம் பிளாஸ்டிக் குடங்கள். சிவப்பு, நீலம், பச்சை. வெயிலில் வெளுத்து, என்ன நிறம் என்று சொல்ல முடியாமல் போனவையும் உண்டு. ஒவ்வொரு குடத்தின் கழுத்திலும் இரண்டு கோடுகள் இருக்கும். அடுப்பில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அம்மா அழகுத்தாய் இழுத்த கோடுகள். தெருக்குழாயில் வரிசை போடும்போது குடம் மாறிவிடக் கூடாது என்று அந்த ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளம் இருந்தது. எதிர்வீட்டுக் கனகலட்சுமி வீட்டுக்கு வட்டம். சத்யா வீட்டுக்கு இரண்டு கோடு.

இப்போது வரிசையும் கிடையாது, சண்டையும் கிடையாது. போன வருசம் வீட்டுக்கு வீடு குழாய் போட்டுவிட்டார்கள். காலையில் ஏழு மணிக்குத் தண்ணீர் வரும். தினமும் வரும்.

இருந்தாலும் அம்மா தினமும் இருபத்திரண்டு குடங்களையும் கவிழ்த்து, கழுவி, மறுபடியும் நிரப்புவாள். முதல் நாள் தண்ணீர் முழுவதும் வாசல் முருங்கைக்குப் போகும். ஊரே காய்ந்து கிடக்க, அந்த ஒரு முருங்கை மட்டும் கொழுத்துப்போய் நின்றது.

"தெனமும்தான் வருதுல்லம்மா. எதுக்கு இம்புட்டும்?" என்று சத்யா கேட்பாள்.

"இன்னைக்கு வருது. நாளைக்கு வராட்டி?"

"நேத்தும் இதத்தான் சொன்ன."

"நாளைக்கும் இதத்தான் சொல்லுவேன். குடத்த எடு."

அப்பா இருளாண்டி லோடு ஏற்றும் வேலைக்குப் போகிறவர். சாயங்காலம் வந்து முதுகைச் சுவரில் சாய்க்கலாம் என்றால் சுவர் இருக்காது, குடம்தான் இருக்கும்.

"கல்யாண வீட்டுல கூட இம்புட்டுக் குடம் பாத்ததில்ல. பாதியத் தூக்கிப் போடுத்தா," என்பார்.

"நீங்க போட்டுப் பாருங்க," என்பாள் அம்மா.

அப்பா துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்துகொள்வார்.

இப்படியே போயிருந்தால் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. ஆவணி மாதம் அம்மாவுக்கு வயிற்றில் ஆப்பரேசன் நடந்தது. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார்கள்.

"மூணு மாசத்துக்கு வெயிட்டு எதுவும் தூக்கக் கூடாது. தையல் விட்டுப்போச்சுன்னா மறுபடியும் முதல்லருந்துதான். தெரியுதா?"

அம்மா நன்றாகத் தலையாட்டினாள்.

அன்றிலிருந்து குடங்கள் சத்யாவின் வேலை ஆயின. அவள் ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துக்கு எட்டு மணி பஸ்ஸில் போக வேண்டும். ஏழு மணிக்குக் குழாயைத் திறந்தால், ஒவ்வொரு குடமாக இடுப்பில் வைத்து உள்ளே கொண்டுபோய் இறக்குவதற்குள் மூச்சு வாங்கும். பாதிக் குடங்கள் நிரம்புவதற்குள்ளேயே பஸ் வந்துவிடும்.

"மிச்சத்தைச் சாயங்காலம் பாத்துக்கலாம்மா."

"சரி, போ. ஒரு நாளைக்கு இருக்கட்டும்."

ஆனால் சாயங்காலம் வந்து பார்த்தால் எல்லாக் குடமும் நிரம்பியிருக்கும்.

"யாரு நெப்புனது?"

"அப்பாதான்," என்பாள் அம்மா, முகத்தைப் பார்க்காமல்.

அப்பா அதிகாலையிலேயே வேலைக்குப் போய்விடுவார் என்பது சத்யாவுக்குத் தெரியாதா என்ன?

ஒரு நாள் சாப்பாட்டை மறந்துவிட்டு, பஸ் நிறுத்தத்திலிருந்து திரும்பி ஓடி வந்தாள். அம்மா வாசல் குழாய்க்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு நிறைகுடம். ஒரு கை வயிற்றை அழுத்திப் பிடித்திருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா."

"ஒன்னுமில்ல. சோத்து டப்பாவ எடுத்துக்கிட்டு ஓடு. பஸ்ஸு போயிரும்."

பஸ்ஸில் சத்யாவுக்கு உட்கார இடம் கிடைத்தது. அவள் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். குடம் இருப்பதால்தானே அம்மா தூக்குகிறாள்? குடமே இல்லாவிட்டால்? அவளுக்கு அது சரியான கணக்காகத் தெரிந்தது.

சனிக்கிழமை அம்மாவும் அப்பாவும் தையலைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அன்றைக்கு என்று பார்த்து, பழைய சாமான் எடுக்கும் ஐயாத்துரையின் வண்டி தெருவுக்குள் வந்தது. வண்டியில் கட்டிய ஒலிபெருக்கி சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது. பழைய வாளி, பழைய குடம், பழைய சேரு, எது போட்டாலும் வெங்காயம்.

சத்யா கை காட்டி நிறுத்தினாள்.

"எத்தனை குடம் பாப்பா?"

"இருவது. குடிக்க ரெண்டு வச்சுக்கிடுவோம்."

ஐயாத்துரை வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். "ஏ அப்பா. குடக் கடை வச்சிருந்தீகளா?" என்றவர், சத்யாவை ஒரு பார்வை பார்த்தார். "அம்மாட்டக் கேட்டியா?"

"அம்மாதான் போடச் சொன்னாக."

முத்துராஜ் வாயைத் திறந்தான். சத்யா அவன் காலை மிதித்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

இருவரும் தண்ணீரை எல்லாம் முருங்கைக்குக் கொட்டினார்கள். ஐயாத்துரை குடங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். ஏழு குடங்களைத் தனியாக வைத்தார். மீதியைத் தரையில் படுக்கப் போட்டு, செருப்புக் காலால் மிதித்தார். பட்டென்று ஒரு சத்தம். குடம் தட்டையாகிவிட்டது.

சத்யாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அண்ணாச்சி, எதுக்கு மிதிக்கிறீக?"

"மிதிக்காம? காத்தையா ஏத்திக்கிட்டுப் போவேன்? நசுக்குனாத்தான் வண்டி கொள்ளும்."

"அந்த ஏழும்?"

"அது இன்னும் உழைக்கும். தனியா வச்சு விப்பேன்."

தங்கள் குடங்கள் எல்லாம் வேறு யார் வீட்டிலோ போய்த் தண்ணீர் பிடிக்கும் என்று சத்யா நினைத்திருந்தாள். பட். பட். ஒவ்வொன்றாக உடைந்தன. கடைசியில் ஒரு பச்சைக் குடம் மட்டும் ஒரு மிதிக்கு நசுங்கவில்லை. ஐயாத்துரை இரண்டு காலாலும் ஏறிக் குதித்தார். அது கழுத்தில், கோடு போட்ட இடத்தில் பிளந்தது.

வேண்டாம் என்று சொல்ல சத்யாவுக்கு வாய் வந்தது. ஆனால் அம்மா போடச் சொன்னதாகச் சொல்லியாயிற்று. இனிமேல் எப்படி வேண்டாம் என்பது?

ஐயாத்துரை ஒரு சட்டி நிறைய வெங்காயத்தை அளந்து கொட்டிவிட்டுப் போனார்.

மத்தியானம் அப்பாதான் முதலில் உள்ளே வந்தார். "அட, நம்ம வீடு இம்புட்டுப் பெருசா?" என்று கையை விரித்தார். பிறகு பின்னால் வந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டார்.

சுவரோரம் சிமிட்டித் தரையில் வட்ட வட்டமாகக் கறுப்புத் தடங்கள் இருந்தன. வருசக்கணக்காகக் குடம் இருந்த இடங்கள்.

"எங்க?" என்றாள் அம்மா.

"போட்டுட்டேன்மா. நீ தூக்கக் கூடாதுல்ல. அதான்."

திட்டு விழும் என்று சத்யா தயாராக நின்றாள். அம்மா திட்டவில்லை. அந்த வட்டங்களுக்குப் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"பச்சையுமா?"

"ம்."

அம்மா ஒரு வட்டத்தை விரலால் தடவினாள். அப்புறம், யாரிடம் என்று இல்லாமல் சொன்னாள்.

"முத்து பெறக்கப்போற அன்னைக்கு லாரித் தண்ணி வந்துச்சு. பத்து நாளைக்கு அப்பறம் வந்த லாரி. விடிஞ்சதுலருந்து வரிசையில நிக்கேன். எம் முறை வரப்போகுது, வலி வந்துருச்சு. எல்லாரும் ஆட்டோவுல ஏறு, ஏறுங்காக. நா ஏறல. பச்சைக் குடம் நெறஞ்ச அப்பறந்தான் ஏறுனேன். கனகலட்சுமியக்காதான் குடத்தத் தூக்கி வீட்டுல வச்சாக."

"அப்ப நான்?" என்றான் முத்துராஜ்.

"நீயும் பொறுத்துக்கிட்டுத்தான் இருந்த."

அப்பா சிரித்தார். முத்துராஜும் சிரித்தான். அம்மா எழுந்து போய் வெங்காயச் சட்டியை எடுத்தாள். ஒன்றை உரித்துப் பார்த்தாள்.

"வெங்காயம் நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

அதற்குப் பதிலாக இரண்டு அடி அடித்திருக்கலாம் என்று சத்யாவுக்கு இருந்தது. அன்று வைத்த வெங்காயக் குழம்பு அவளுக்கு இறங்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் பாத்திரச் சத்தம் கேட்டு சத்யா விழித்தாள். குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. வாசலில் அம்மா குனிந்து நின்றாள்.

இரண்டு குடங்களும் நிரம்பியிருந்தன. சொம்புகள் நிரம்பியிருந்தன. தம்ளர்கள், இட்லிச் சட்டி, குழம்புச் சட்டி, சோற்றுப் பானை, குக்கர், எல்லாவற்றிலும் தண்ணீர். முத்துராஜின் சோற்று டப்பாவிலும் தண்ணீர். அதற்கு மூடியும் போட்டிருந்தது.

அப்பா தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "சரித்தா. சோறு எதுல பொங்க?"

அப்போதுதான் பார்த்ததுபோல அம்மா பாத்திரங்களைப் பார்த்தாள். "கொட்டிரலாம்," என்றாள். ஆனால் எதையும் கொட்டவில்லை. குழாயில் தண்ணீர் இன்னும் வந்துகொண்டிருந்தது. அவள் கண் வேறு பாத்திரம் தேடிக்கொண்டிருந்தது.

"அக்கா, எம் பென்சில் டப்பா எங்க? அத முதல்ல ஒளிச்சு வையி," என்றான் முத்துராஜ்.

சத்யாவுக்குச் சிரிப்பு வரவில்லை. குடங்களை அனுப்பினால் போதும் என்று நினைத்தாள். குடங்கள்தான் போயின. தண்ணீர் வராமல் போய்விடும் என்கிற பயம், வண்டியில் ஏறாமல், அம்மாவிடமே இருந்தது. இனி அம்மா குக்கரைத் தூக்குவாள், பானையைத் தூக்குவாள்.

அவள் போய் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அம்மா, ஒன்னு கேக்கவா? எத்தனை குடம் இருந்தா ஒனக்குப் பயமா இருக்காது?"

அம்மா திரும்பிப் பார்த்தாள். "என்ன கேக்க?"

"எல்லாரும் போடு போடுன்னுதான் சொன்னோம். நானும் கேக்காமப் போட்டுட்டேன். எத்தனை இருந்தா நீ நிம்மதியா இருப்ப? சொல்லு."

அதை இதுவரை யாரும் கேட்டதில்லை. அம்மா தன்னையே கேட்டுப் பார்க்கிறவள்போலக் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தாள்.

"பதினஞ்சு."

"தூக்குறது நானு. பஸ்ஸு எட்டு மணிக்கு."

"பத்து."

"அம்மா."

"பெரிய டிரம்மு ஒன்னு வாங்கிருவமே, ஒரே டிரம்முல பத்துக் குடம்," என்றார் அப்பா.

"டிரம்மு ஓட்டையாச்சுன்னா எல்லாம் போயிரும். குடம்னா ஒரு குடந்தான் போகும்," என்றாள் அம்மா. அம்மா விரலை மடக்கி எண்ணினாள். சோற்றுக்கு, குழம்புக்கு, குடிக்க, குளிக்க. "ஆறு," என்றாள் கடைசியில். "ஆறு இருந்தா ரெண்டு நாள் தாட்டிருவேன்."

"ஆறுன்னா ஆறுதான். நாந்தான் நெப்புவேன். நீ தொடக் கூடாது."

"லீவு நாள்லயும் நீயா?"

"லீவு நாள்லயும் நானு."

"சரி," என்றாள் அம்மா. பிறகு, "குடத்த எடுத்துக்கிட்டுப் போனவரு ஒன்னும் கேக்கலையா? சின்னப் புள்ளைககிட்ட அப்படியே வாங்கிட்டுப் போயிட்டாரா?" என்றாள்.

சத்யா தலையைக் குனிந்தாள். "கேட்டாரு. நீதான் போடச் சொன்னன்னு சொல்லிட்டேன்."

"எங் கால வேற மிதிச்சா," என்றான் முத்துராஜ்.

அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். "அவருகிட்டயும் அதச் சொல்லணும்ல. கெளம்பு," என்றாள்.

ஐயாத்துரையின் கிடங்கு எம்.ரெட்டியபட்டியில் இருந்தது. அம்மாவும் சத்யாவும் முத்துராஜும் ஷேர் ஆட்டோவில் போனார்கள். கருவேல முள்ளை வெட்டி அடைத்த வேலிக்குள், வேலியை விட உயரமாகக் குவிந்து கிடந்தது பிளாஸ்டிக். வாளி, சேர், பொம்மை, ஆனால் முக்கால்வாசி குடங்கள்தான். எல்லாம் நசுங்கியவை.

"அண்ணாச்சி, அம்மா போடச் சொல்லல. நான் பொய் சொல்லிட்டேன்," என்றாள் சத்யா. சத்தம் சரியாக வரவில்லை. இன்னொரு தடவை சொன்னாள்.

ஐயாத்துரை அம்மாவைப் பார்த்தார். "அப்பயே நெனச்சேன் தங்கச்சி. சரி, வேணுங்கிறத எடுத்துக்கிட்டு வெங்காயத்தத் திருப்பிக் குடுங்க."

"கொழம்பு வச்சாச்சு," என்றான் முத்துராஜ். "பாதிதான் இருக்கு."

"அப்ப பாதிக் குடத்த எடுத்துக்க." ஐயாத்துரை சிரித்துவிட்டு, சுவரோரமாகக் கையைக் காட்டினார். "நல்லது எல்லாம் அங்க நிக்கிது. பாத்து எடுத்துக்கங்க. மிச்ச வெங்காயம் வீட்டுலயே இருக்கட்டும்."

அம்மா சுவரோரம் போனாள். போகும் வழியில் குவியலின் ஓரத்தில் பச்சைக் குடம் தட்டையாகக் கிடந்ததை சத்யா பார்த்துவிட்டாள். சட்டென்று அதற்கு முன்னால் போய், பாவாடையை விரித்துக்கொண்டு நின்றாள்.

"பாத்துட்டேன். நகரு," என்றாள் அம்மா.

சத்யா நகர்ந்தாள். அம்மா குனிந்து, பிளந்து கிடந்த கழுத்தைத் தொட்டாள். அதற்குப் பக்கத்தில் வட்டம் போட்ட நீலக் குடங்கள் ஒரு கட்டாக நசுங்கிக் கிடந்தன.

"இது கனகலட்சுமியக்கா வீட்டுக் குடம்ல?"

"அவுக போட்டு ரெண்டு மாசமாச்சு," என்றார் ஐயாத்துரை. "ஒங்க தெருவுல நீங்கதான் கடைசி."

"குடத்துக்காக என் தலைமுடியப் பிடிச்சு இழுத்தவுக. போடும்போது எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே," என்றாள் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. ஒன்றாக நின்றவர்கள் சொல்லாமல் போய்விட்டதுபோலச் சொன்னாள்.

இரண்டு கோடு போட்ட ஏழு குடங்களும் சுவரோரம் நின்றன. அம்மா ஒன்று எடுத்தாள். இரண்டு, மூன்று, நான்கு. முத்துராஜ் ஒவ்வொன்றையும் வாங்கி வாசலில் வைத்தான். அம்மாவின் கை ஐந்தாவது குடத்தின் கழுத்துக்குப் போனது. அங்கேயே நின்றது.

"அம்மா, வீட்டுல ரெண்டு இருக்கு," என்றாள் சத்யா மெதுவாக.

"தெரியும். ரெண்டும் நாலும் ஆறு."

ஆனாலும் கை வரவில்லை. சத்யா மறுபடியும் சொல்லவில்லை. எடுத்துக்கொள் என்று சொல்லிவிடலாமா என்றுகூட அவளுக்கு இருந்தது. அம்மா அந்தக் குடத்தின் வாயில் இருந்த தூசியைச் சேலை முந்தியால் துடைத்தாள். பிறகு அதை இருந்த இடத்திலேயே, கோடு சுவர்ப்பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்தாள்.

"தண்ணி கஷ்டம் உள்ளவுகளுக்குக் குடுங்கண்ணே," என்றாள்.

"கஷ்டம் இல்லாதவன் பழைய குடம் வாங்க வருவானா?" என்றார் ஐயாத்துரை.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத் தண்ணீர் வந்தது. சத்யா ஆறு குடங்களையும் கழுவி, நிரப்பி, சுவரோரம் இறக்கினாள். அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒரு குடத்தையும் தொடவில்லை. மணி ஏழரைகூட ஆகவில்லை. சத்யாவுக்குத் தலை சீவிக்கொள்ள நேரம் இருந்தது.

"அம்மா, குழாய அடச்சிரு," என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

தண்ணீர் கொட்டும் சத்தம் நிற்கவில்லை. சத்யா சீப்போடு வெளியே வந்தாள். அம்மாவின் கை குழாயின் மேல் இருந்தது. திருகவில்லை.

"வந்துக்கிட்டு இருக்கே, சத்யா."

"குடம் நெறஞ்சிருச்சும்மா."

"நின்னு போன குழாயத்தான் அடச்சிருக்கேன். வார தண்ணிய நான் அடச்சதே இல்ல."

தண்ணீர் வழிந்து அம்மாவின் கால் நனைந்தது.

"நீ அடை," என்று சொல்லிவிட்டு அம்மா தெருப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சத்யா குழாயைத் திருகினாள். வாசல் திடீரென்று அமைதியாகிவிட்டது.

"அடச்சிட்டியா?"

"அடச்சிட்டேன்."

அம்மா திரும்பிக் குழாயைப் பார்த்தாள். குனிந்தும் பார்த்தாள்.

"சொட்டுது பாரு. அடியில ஒரு கிண்ணத்த வையி."

சத்யா சிரித்துக்கொண்டே ஒரு கிண்ணத்தை எடுத்து வந்து வைத்தாள். ஒரு சொட்டு விழுந்தது. இரண்டாவது சொட்டு விழுகிறதா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் அம்மா உள்ளே போனாள்.